தலைமாட்டில் துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் ஒரு ஆர்மரரின் பதில்களும்

மாவட்ட ஆயுதப்படையில் 31 வருடம் இருந்தேன். அதில் 22 வருடம் ஆர்மரர் வேலை. பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்று நாங்கள் சொல்லும் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, எண்ணி அடுக்குவதுதான் தினப்படி வேலை. பொதுமக்களின் லைசென்ஸ் துப்பாக்கிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். சில துப்பாக்கிகள் கண்ணாடி மாதிரி இருக்கும். சிலவற்றைத் தொடவே பயமாக இருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆபத்து நேரத்துக்கும் துப்பாக்கி வாங்குவது பற்றி வந்த கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். எனக்கு 64, அவளுக்கு 59. பிள்ளைகள் பெங்களூரில். பல்லடம் பக்கமும் சிவகிரியிலும் நடந்ததைப் படித்ததிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை. லைசென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். ரிவால்வர் நல்லதா, இரட்டைக்குழல் நல்லதா?

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலை. 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரியில் வயதான தம்பதி. சிவகிரியில் நடந்தது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. நானும் கொங்குக்காரன்தான், என் பெரியம்மா வீடும் அப்படித்தான் நடுத்தோட்டத்தில் இருக்கிறது. செய்தியைப் படித்த அன்று ராத்திரி அவர்களுக்கு இரண்டு தடவை போன் போட்டேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கியை முடிவு செய்வது 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட விதிகளும். 21 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தில் கலெக்டரிடம், சென்னை மாதிரி மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். போலீஸ் விசாரணை வரும், மருத்துவச் சான்று கேட்பார்கள், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றும் வேண்டும். பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி உண்டு. லைசென்ஸ் கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்றாக இருந்தது, 2019 திருத்தத்தில் குறைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒரு குடிமகன், குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கிற, குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கியைக் கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதபோது கொடுக்கவேண்டும் என்கிறது. நாம் 12 போர் (போர் என்பது குழலின் உள் அளவு) என்று சொல்வது, நீங்கள் கேட்ட இரட்டைக்குழல் உட்பட, அந்த வகைதான். ரிவால்வருக்கு இந்தச் சலுகை கிடையாது. நடைமுறையில் 12 போரும் சுலபமாகக் கிடைத்துவிடாது, அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் எதைக் கேட்பது என்று முடிவு செய்ய அந்த வரி உதவும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் நான் உங்களுக்கு 12 போர்தான் சொல்வேன். ரிவால்வர் சின்னதாக இருப்பதால் எளிது என்று நினைக்கிறோம். சுடுவதற்கு அதுதான் மிகக் கடினமான ஆயுதம். குழல் குட்டை, விசை கனம், பிடி சிறிசு. வருடத்துக்கு ஒரு தடவை சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்கு வரும் நடுத்தர வயதுப் போலீஸ்காரர்கள், பட்டப்பகலில், எந்தப் பதற்றமும் இல்லாமல், பத்தடியில் இருக்கும் ஆள் உயர அட்டையைத் தவறவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்கத்திலிருந்து எழுந்த 64 வயதுக் கை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இரட்டைக்குழலைத் தோளில் அணைத்துப் பிடிக்கலாம். இரண்டு கையும் தோளும் அதைத் தாங்கும். இயந்திரமும் எளிது, மடக்கிப் பார்த்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் 12 போர் என்றால் குறி பார்க்காமல் சுட்டாலும் படும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். வீட்டுக்குள் 15 அடி தூரத்தில் ரவைகள் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது உங்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டியது. பணியில் இருந்த காலத்திலேயே எனக்குச் சொந்தமாக ஒரு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, என் வீட்டம்மாவைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். எழுந்து, சாவியைத் தேடி, பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, தோட்டாவை வேறு அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டு நிமிர ஒரு நிமிடம் பத்து விநாடி ஆனது. தினமும் துப்பாக்கியைத் தொடுகிற எனக்கே அவ்வளவு ஆனது. வாசல் கதவு அரை நிமிடத்தில் திறந்துவிட்டால் பெட்டிக்குள் என்ன துப்பாக்கி இருந்தாலும் அது கைக்கு வராது.

அதனால் ஐயா, செலவை இந்த வரிசையில் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. முதலில் கதவு. படுக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ் போடும் இரும்பு கிரில் கதவு ஒன்று, மரக்கதவுக்கு மேல் கூடுதலாக. அடுத்து சைரன். மோட்டார் ரூம் கூரையில் வைத்து, சுவிட்சைக் கட்டில் ஓரத்தில் கொண்டுவந்துவிடுங்கள். பக்கத்துச் சாளை முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் ராத்திரியில் நன்றாகக் கேட்கும். கரண்டை நிறுத்திவிட்டு வருவார்கள், எனவே பேட்டரியில் ஓடும்படி வையுங்கள். நாய் இரண்டு இருக்கட்டும், ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். வெளி நாய்க்கு எதையாவது போட்டு மயக்கிவிடலாம், உள் நாயை முடியாது. அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து, காலை ஏழு மணிக்குள் ஒருவரையொருவர் போனில் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லாம் முடிந்த பிறகும் மனம் துப்பாக்கி கேட்டால் விண்ணப்பம் போடுங்கள். அப்போது கிரில் கதவு தரும் கூடுதல் நேரத்தில் உங்களால் அதை எடுக்க முடியும்.

இன்னும் இரண்டு விஷயம். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களுக்குத்தான். நீங்கள் சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டம்மா அதை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அந்த நாட்களில் கதவும் நாயும் சைரனும்தான் இருக்கும்.

வீட்டுக்குள் ராத்திரி புகுந்தவனைச் சுட்டால் வழக்கு என் மேல் வருமா? (ஈரோடு வாசகர்)

வழக்குப் பதிவாகும், விசாரணை நடக்கும், துப்பாக்கியையும் எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தயாராக இருக்க வேண்டும். தண்டனை வருமா என்பது அடுத்த கேள்வி.

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை. கொள்ளைக்கும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவதற்கும் எதிராக, தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்கிறது 41ஆவது பிரிவு. ஆனால் 37ஆவது பிரிவை மறக்கக் கூடாது. போலீஸ் உதவி பெற நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் இதையெல்லாம் பத்து அம்சமாக எழுதி வைத்திருக்கிறது. பயந்தவன் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அதே சமயம் பழிவாங்குவதற்கு இந்த உரிமை இல்லை.

சைக்கிளையோ ஆட்டையோ எடுத்துக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்லி நிற்க முடியாது. கோபத்தில் அந்த விநாடி அப்படித் தோன்றும். தோன்றும் என்பதை இப்போதே மனதில் போட்டு வையுங்கள்.

நான் சென்னையில் இரவுப் பணிக்குப் போகிறேன். பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வர் இருக்கிறதாமே?

இருக்கிறது தங்கச்சி. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட நிர்பீக். பாயிண்ட் 32 போர், டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ. அறிமுகமானபோது விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. நிர்பயாவுக்கு நேர்ந்த டெல்லிக் கொடுமைக்குப் பிறகு வந்ததால் அந்தப் பெயர். ஒரு துப்பாக்கியாக அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தோள்பையின் அடியில், டிபன் பாக்ஸுக்கும் சார்ஜருக்கும் கீழே கிடக்கும் ரிவால்வரை எடுக்கும் நேரத்தில் ஒருவன் உங்கள் கையைப் பிடித்துவிடுவான். பிடித்த பிறகு அந்த ரிவால்வர் யாருடையது? பஸ்ஸிலும் ரயிலிலும் அலுவலகத்திலும் அதை எங்கே வைப்பீர்கள்? பெப்பர் ஸ்பிரேக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைப் பைக்குள் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், ஒரு தடவை மொட்டை மாடியில் காற்றின் திசை பார்த்து அடித்துப் பழகுங்கள். போனில் 112 ஒரே அழுத்தில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலியும் இருக்கட்டும்.

தாத்தா வைத்திருந்த இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒன்று பரணில் கிடந்தது. லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்துவிட்டது, அப்பாவும் போன வருடம் தவறிவிட்டார். நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆபத்துக்கு உதவும் என்று வைத்துக்கொள்ளலாமா? (வால்பாறை வாசகர்)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் போல இருந்தது. எண் கொடுக்கவில்லை.

நாளைக்கே ஒரு வக்கீலிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், அதிகம் ஐந்து வருடம் சிறை. ஒருவர் கையில் இருப்பது சட்டப்படி செல்லாமல் போய்விட்டால், தாமதம் செய்யாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ வைத்துவிட வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகும். தாத்தாவின் பொருள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அது இந்த வழியாகத்தான் நடக்கும்.

அடுத்தது இதைவிட முக்கியம். அதில் தோட்டா போட்டுப் பார்க்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கிறது என்று வெளியே இருக்கும் பளபளப்பை வைத்துச் சொல்கிறீர்கள். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல் மேல் பாம்புத்தோல் மாதிரி வரி வரியாக ஒரு கோலம் தெரியும். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த குழல் அது, டமாஸ்கஸ் என்போம். கரிமருந்து காலத்தில் செய்தது. இப்போதைய நைட்ரோ வெடிமருந்தின் அழுத்தத்தை அது தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கோலம் இல்லாத எஃகுக் குழலாக இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீட்டர். இப்போது 70 மில்லிமீட்டர் தோட்டாவும் வருகிறது. மடித்து மூடிய வாயோடு அது உள்ளே அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். குழலைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கழற்றினால் அடியில் இங்கிலாந்துச் சோதனை முத்திரைகளும் அளவும் பொறித்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1998 ஐப்பசியில் என் மேசைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. மலைத் தோட்டம் ஒன்றில், மழைக்காலம் முழுக்கச் சுவரில் மாட்டியிருந்தது. பன்றி வருகிறது என்று ஒருவர் அவசரமாக எடுத்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டிருக்கிறார். இடது குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் நகம் அளவு மண்தான் இருந்திருக்கும். குழல் நடுவில் வெடித்து, வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி வெளிப்பக்கம் விரிந்து நின்றது. அவருக்கு இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. விசாரணைக்காக அந்தத் துப்பாக்கி எங்களிடம் எட்டு மாதம் இருந்தது. புதிதாக வரும் பையன்களுக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன். குழலுக்குள் வெளிச்சம் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் உள்ளே போகக் கூடாது என்று சொல்வேன்.

துப்பாக்கியைத் தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வால்பாறை மழைக்கு ஒரே பருவத்தில் துரு ஏறிவிடும்.

குடகில் எல்லோரும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன்?

எல்லோரும் இல்லை. குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும், பிரிட்டிஷார் 1861இல் கொடுத்த விலக்கு அது. மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் செல்லும் என்று சொல்லிவிட்டது. செப்டம்பரில் கைல் போள்து பண்டிகை அன்று துப்பாக்கிகளைத் துடைத்துப் பூ வைத்து வணங்குவார்கள். ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரியவர் ஒவ்வொன்றையும் மடக்கிக் குழலைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளைக் கிட்டே விட்டார். அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். துப்பாக்கிப் பெட்டி இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. என் அப்பா வைத்திருந்த 12 போர். இனி இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும்? (தூத்துக்குடி வாசகர்)

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. உங்கள் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபத்துக்குத் துப்பாக்கி என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஆபத்து வரும்போது துப்பாக்கியை என்ன செய்வது என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் ஏறும்போது துப்பாக்கி ஒரு பாரம். விட்டுவிட்டுப் போனால் பூட்டிய வீட்டில் யார் கையிலும் சிக்கலாம், அதற்கு நீங்கள் பொறுப்பு. எடுத்துக்கொண்டு போனால் குழந்தைகள் நிறைந்த நிவாரண முகாமில் எங்கே வைப்பீர்கள்? அதனால் மழை எச்சரிக்கை வந்த உடனே, தண்ணீர் வருவதற்கு முன், ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுவதுதான் சரி. இதற்காக முன்கூட்டியே ஒரு நாள் போய்ப் பேசி வையுங்கள். லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். ஒருவேளை துப்பாக்கி அடித்துக்கொண்டு போய்விட்டால், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூழ்கிய துப்பாக்கிக்கு: முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவுங்கள். அப்புறம் நன்றாகக் கொதிக்கிற தண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றுங்கள். உப்பும் கசடும் கரைந்து போகும், சூட்டில் இரும்பு தானாகவே காய்ந்துவிடும். எங்கள் கிடங்கில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. பிறகு புல்த்ரூ என்ற துடைப்புக் கயிற்றில் துண்டுத் துணி கட்டி ஈரம் வராத வரை இழுத்து, எண்ணெய் போட்ட துணியை ஒரு தடவை விடுங்கள். கட்டையை வெயிலில் வைக்காதீர்கள், பிளந்துவிடும். நிழலில் ஒரு வாரம். உள்ளே இருக்கும் லாக் பகுதியை (சுடும் இயந்திரத்தை) நீங்களாகத் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். நனைந்த தோட்டாக்களைக் காயவைத்துப் பயன்படுத்தவே கூடாது. பாதி எரிந்து ரவையும் அடைப்பும் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த தோட்டாவுக்குக் குழல் வெடிக்கும். அவற்றை எண்ணி, கணக்கோடு ஒப்படைத்துவிடுங்கள்.

2015 சென்னை வெள்ளத்தில் எங்களையும் அனுப்பியிருந்தார்கள். நாலு நாள் இருந்தோம். ஆயுதம் தேவைப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. கயிறு, டார்ச், குடிதண்ணீர், பால் பவுடர், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் என்றுதான் மாடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருவில் விட்டார்கள். இதையும் உங்கள் கவரோடு சேர்த்து யோசியுங்கள்.

லைசென்ஸ் வேண்டாத ஏர்கன் ஒன்று வாங்கி, திருடனுக்குக் காட்டி மிரட்டினால் போதாதா?

போதாது, ஆபத்தும் கூட. 4.5 மில்லிமீட்டர் போர், 20 ஜூலுக்குள் ஆற்றல் உள்ளதற்குத்தான் லைசென்ஸ் விலக்கு. அது ஆளை நிறுத்தாது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணைப் பறிக்கும். நிஜத் துப்பாக்கி என்று நம்பினால் வந்தவன் கையில் இருப்பதை முதலில் உங்கள் மேல் இறக்குவான்.

என் மகன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வேலையில் இருக்கிறான். புயல், கரண்ட் வெட்டு, கொள்ளை என்று வந்தால் வேண்டும் என்று துப்பாக்கி வாங்கப் போகிறானாம். எந்தத் துப்பாக்கி என்று நண்பர்களோடு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் நாலு வயசுப் பேத்தி இருக்கிறாள். எனக்கு வயிறு கலங்குகிறது. நான் என்ன சொல்வது? (திருச்சி வாசகி)

அம்மா, என் மகளும் அந்த ஊர்ப் பக்கம்தான். 2022இல் ஐந்து மாதம் போய் இருந்தேன். மருமகனோடு கடைக்கும் ரேஞ்சுக்கும் போயிருக்கிறேன், அதனால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

மகனிடம் முதலில் விசாவைக் கேளுங்கள். அங்கே சட்டம் நம்மைவிட எவ்வளவோ தாராளம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள், அதில் இதைக் கேட்பார்கள். பொய் எழுதினால் குற்றம், குடும்பமே ஊர் திரும்ப வேண்டி வரலாம். வக்கீலைக் கேட்காமல் கடைவாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது புயல். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்து நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனது. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். அதிகம் பேரைக் கொன்றது குளிர். குளிர் தாங்காமல் கராஜில் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும் கார்பன் மோனாக்சைடு என்ற புகையில்லாத நச்சுக் காற்றில் போனவர்களும் உண்டு. மகள் வீட்டில் அந்த வாரம் நாலு பேரும் ஒரே அறையில் ஜமுக்காளத்தைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு படுத்திருந்தார்களாம். கார்பன் மோனாக்சைடு அலாரம், கம்பளி, இருபது லிட்டர் தண்ணீர், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியது, மருந்து, போன் சார்ஜருக்குப் பேட்டரி. பட்டியலின் மேலே இவை இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறான் என்றால், நான் மருமகனுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். அங்கே வீட்டின் உள்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தின் இரு பக்கமும் ஜிப்சம் பலகை. விரலால் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். கைத்துப்பாக்கிக் குண்டும் 12 போரின் பெரிய ரவையும் அந்தச் சுவரை ஒன்றல்ல, இரண்டு மூன்று தாண்டிப் போகும். வாசலை நோக்கிச் சுட்டால் பின்னால் யார் அறை, குழந்தை எங்கே படுக்கிறாள் என்று வீட்டின் வரைபடத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய ரைபிள் வேண்டாம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று போதும் (நம் ஊரில் அந்த அளவு பொதுமக்களுக்குத் தடை, அங்கே அதுதான் சாதாரணம்). மாதம் ஒரு முறை ரேஞ்சுக்குப் போக நேரம் இல்லாதவன் அதையும் வாங்கக் கூடாது. மருமகளும் பயிற்சி எடுக்க வேண்டும்.

பெட்டியைத்தான் முதலில் வாங்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய, எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி. சாவி வேண்டாம். அங்கே சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் அது சிக்கிவிட்டால் விட்டவர் மேல் குற்றம்.

சாவி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் சாவி வைத்திருந்தவன். என் பெட்டியின் சாவி கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். வீட்டம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று பதினாறு வருடம் நம்பினேன். பேரனுக்கு அப்போது ஆறு வயது, லீவுக்கு வந்திருந்தான். ஒரு நாள் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் என்ன தேடுறீங்க தாத்தா என்றான். சும்மா, சாவி என்று சொல்லி வைத்தேன். அவன் விளையாட்டை நிறுத்தாமலே, கடிகாரத்துக்குப் பின்னாடிதானே இருக்கு என்றான். எனக்குக் கைகால் ஓடவில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறான், எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன். லைசென்ஸையும் புதுப்பிக்கவில்லை. அதற்காக உங்கள் மகனும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன், அவன் இருக்கும் ஊரும் சூழ்நிலையும் வேறு. ஆனால் நாலு வயசுப் பிள்ளைக்குக் கட்டில் அடியும் அலமாரி மேல்தட்டும் தெரியாத இடம் இல்லை.

அடுத்த தடவை அவன் கூப்பிடும்போது எந்தத் துப்பாக்கி என்ற பேச்சை எடுக்காதீர்கள். பெட்டியை வாங்கி, தரையில் இறுக்கி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் இதழ் முகவரிக்கு எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், போல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.